பிரசங்கம் கேட்டால் போதாதா, வழிகாட்டி எதற்கு?

சென்னையில் வேலை பார்க்கும் இருபத்தாறு வயதுத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "தினமும் வேதம் வாசிக்கிறேன், ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறேன், பஸ்ஸில் போகும்போது யூடியூபில் பிரசங்கம் கேட்கிறேன். ஆனாலும் மூன்று வருடமாக நின்ற இடத்திலேயே நிற்கிறேன். ஆவிக்குரிய வழிகாட்டி ஒருவர் வேண்டும் என்கிறான் நண்பன். பரிசுத்த ஆவியானவர் இருக்கும்போது மனுஷன் எதற்கு? 'ஒருவரும் உங்களுக்குப் போதிக்கவேண்டுவதில்லை' என்று யோவானே எழுதியிருக்கிறாரே? எங்கள் சபையில் அப்படிக் கேட்கப் பெரிதாக யாரும் இல்லை, ஒரு ரிட்டயர்டு சார் தவிர. அவரும் அதிகம் பேசமாட்டார்."

வேண்டும் தம்பி. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் நீங்கள் காட்டிய வசனம், 1 யோவான் 2:27. அதே அதிகாரம் எப்படி ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். "என் பிள்ளைகளே, நீங்கள் பாவஞ்செய்யாதபடிக்கு இவைகளை உங்களுக்கு எழுதுகிறேன்." ஒருவரும் போதிக்க வேண்டாம் என்று சொல்கிற மனிதர் உட்கார்ந்து ஐந்து அதிகாரம் போதிக்கிறார்! இருபத்தாறாம் வசனத்தில் காரணமும் இருக்கிறது: "உங்களை வஞ்சிக்கிறவர்களைக்குறித்து இவைகளை உங்களுக்கு எழுதியிருக்கிறேன்." உங்களுக்குத் தெரியாத ரகசியம் எங்களிடம் இருக்கிறது என்று சபைக்குள் சுற்றிக்கொண்டிருந்தவர்களை மனதில் வைத்து, அவர்களிடம் போய்ப் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை என்கிறார். பிள்ளைகளே என்று அழைக்கும் ஒரு கிழவர் நமக்கு வேண்டாம் என்பதற்கு இந்த வசனத்தை எடுத்தால், அதை எழுதிய கிழவரையே வெளியே அனுப்ப வேண்டியிருக்கும்.

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் வளர்ந்தவன் நான். பக்கத்து டவுனில் ஒரு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தபோது இருபத்துமூன்று வயது. அப்போதெல்லாம் சனிக்கிழமை அரை நாள்தான். மதியமே ஊருக்கு வந்துவிடுவேன். எங்கள் தெருக் கடைசியில் ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர் இருந்தார். பெரிய பிரசங்கியார் கிடையாது. பீடத்தில் ஏறினால் பாதிப் பேர் தூங்குவார்கள், அவருக்கே அது தெரியும். ஒரு சனிக்கிழமை அவர் வீட்டைத் தாண்டிப் போகும்போது கயிற்றுக் கட்டிலை இறுக்கிக்கொண்டிருந்தார். அந்த வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். "ஏலே, இந்த முனையப் பிடி" என்றார். பிடித்தேன். அவர் இழுக்க, நான் பிடிக்க, கயிறு தளர்ந்த இடத்திலெல்லாம் ஒவ்வொரு சுற்றாக முறுக்கேறியது. நடுவே கேட்டார்: "சம்பளம் வாங்கிட்டியா? அம்மைட்ட எவ்வளவு குடுத்த?"

இரண்டு மாதமாக ஒன்றும் கொடுக்கவில்லை. அது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமையும் போனேன். ஏன் போனேன் என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. ஒரு கருப்பட்டிக் காப்பி, ஒரு சங்கீதம், சின்னதாக ஒரு ஜெபம். மற்றபடி அவர் கேட்பதெல்லாம் இப்படித்தான் இருக்கும்: யாரோடு சண்டை, ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினாய், யாருக்காவது கடன் பாக்கி இருக்கிறதா. எனக்கும் என் அண்ணனுக்கும் வீட்டுப் பங்கு விஷயத்தில் பேச்சு நின்றிருந்தது. அதைப் பற்றி அவர் உபதேசம் எதுவும் செய்யவில்லை. தன் கதையைச் சொன்னார். "நானும் எந்தம்பியும் பதினோரு வருசம் பேசல. வரப்புல நின்ன ஒரு பனைக்காக. அந்தப் பதினோரு வருசமும் நான் திருவிருந்து வாங்கிட்டுத்தான் இருந்தேன். ஒருத்தரும் கேக்கல. அப்புறம் மாறுதலாகி ஒரு பாதிரி ஐயர் வந்தாரு. வந்த ரெண்டாவது மாசமே கேட்டுட்டாரு."

"ஒருத்தரும் கேக்கல" என்று அவர் சொன்னதைத்தான் உங்கள் கேள்விக்குப் பதிலாக வைப்பேன். நீங்கள் யூடியூபில் கேட்கும் பிரசங்கியார் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உங்கள் அம்மாவுக்கு நீங்கள் பணம் அனுப்புகிறீர்களா என்று அவருக்குத் தெரியாது. பிரசங்கம் பொதுவில் சொல்லப்படுகிறது. அதில் நமக்குப் பிடித்த பாகத்தை எடுத்துக்கொண்டு, குத்துகிற பாகத்தைப் பக்கத்து பெஞ்சுக்குத் தள்ளிவிடுகிற சாமர்த்தியம் நம் எல்லாருக்கும் இருக்கிறது. வேத வாசிப்பிலும் அப்படித்தான். பிடித்த வசனத்துக்கு அடிக்கோடு போடுகிறோம், பிடிக்காததைத் தாண்டிப் போகிறோம். மூன்று வருடம் நின்ற இடத்திலேயே நிற்கிறேன் என்றீர்கள். உங்களைப் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் என் விஷயத்தில் பிரச்சினை வசனம் போதாததில் இல்லை. எனக்குத் தெரிந்த வசனம் என் மணிபர்ஸ் வரைக்கும், என் அண்ணன் வீட்டு வாசல் வரைக்கும் வந்து சேரவே இல்லை.

பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது சொல்வதும் இதுதான்: "கிறிஸ்துவுக்குள் பதினாயிரம் உபாத்தியாயர்கள் உங்களுக்கு இருந்தாலும், தகப்பன்மார் அநேகர் உங்களுக்கு இல்லையே." கொரிந்து சபையில் பேச்சாளர்களுக்குப் பஞ்சமில்லை. நான் பவுல் கட்சி, நான் அப்பொல்லோ கட்சி என்று பிரிந்து நிற்குமளவுக்கு இருந்தார்கள். அவர்களுக்கு அவர் அனுப்பியது இன்னொரு பேச்சாளரை அல்ல. "எனக்குப் பிரியமும், கர்த்தருக்குள் உண்மையுமுள்ள என் குமாரன்" என்று சொல்லித் தீமோத்தேயுவை அனுப்பினார். அந்தத் தீமோத்தேயு லீஸ்திராக்காரன். பவுலைக் கல்லெறிந்து, செத்துவிட்டான் என்று நினைத்து ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டது அதே லீஸ்திராவில்தான். "நீ என் போதகத்தையும் நடக்கையையும் அறிந்திருக்கிறாய்" என்று பவுல் பின்னாளில் அவனுக்கு எழுதும்போது, வெறும் பாடத்தை மட்டும் சொல்லவில்லை.

தீமோத்தேயுவுக்கான இரண்டு நிருபங்களை ஒருமுறை வேறு கண்ணோடு வாசித்துப் பாருங்கள். உபதேசத்துக்கு நடுவே வயிற்றுக்கோளாறு வருகிறது: தண்ணீர் மட்டும் குடிக்காதே, கொஞ்சம் திராட்சரசமும் சேர்த்துக்கொள். கடைசியில் துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கி, புஸ்தகங்கள், தோற்சுருள்கள். குளிர்காலத்துக்கு முன் வந்துவிடு என்கிற அவசரம். வயிறு சரியில்லாத இளைஞன் ஒருவன், சிறையில் குளிருக்கு அங்கி தேடும் பெரியவர் ஒருவர். ஒருவர் பலவீனம் மற்றவருக்குத் தெரிந்திருக்கிறது. வழிகாட்டுதல் என்பதை வேதம் எங்கேயும் ஒரு பதவியாகக் காட்டவில்லை, இப்படித்தான் காட்டுகிறது.

அந்தப் பவுலுக்கும் ஒரு ஆள் தேவைப்பட்டது. எருசலேமில் சீஷர்கள் எல்லாரும் சவுலை (பவுலின் பழைய பெயர்) கண்டு பயந்து ஒதுங்கியபோது கையைப் பிடித்து அழைத்துப்போனது பர்னபா. பிறகு தர்சு வரைக்கும் தேடிப்போய்க் கூட்டிக்கொண்டு வந்து, அந்தியோகியாவில் ஒரு வருடம் முழுக்கக் கூடவே வைத்துக்கொண்டதும் அவர்தான். பிற்பாடு மாற்கு விஷயத்தில் இருவருக்கும் கடுமையான சண்டை வந்து பிரிந்தார்கள். நடுவழியில் விட்டுப் போனவன் வேண்டாம் என்றார் பவுல். பர்னபா அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். கடைசி நிருபத்தில் பவுலே எழுதுகிறார்: மாற்குவை அழைத்துக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன். பர்னபா இல்லாவிட்டால் அந்த வரி எழுதப்பட்டிருக்காது என்பது என் எண்ணம்.

வேதத்துக்கு வெளியே இரண்டு பேர் கதையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் ரிட்டயர்டு சார் அங்கேதான் வருகிறார்.

முதல் கதை, பிற்காலத்தில் சபையின் பெரிய போதகரான அகஸ்டினுடையது. அவர் மிலானுக்கு வந்தது 384-ல், சொற்பொழிவுக் கலை கற்பிக்கும் ஆசிரியராக. அங்கே பிஷப் அம்புரோஸ் அந்தக் காலத்தின் மிகப் பெரிய பிரசங்கிகளில் ஒருவர். அகஸ்டின் முதலில் அவர் பேச்சின் அழகுக்காகப் போனார், பிறகு பொருளுக்காக. ஆனால் மனதில் இருந்ததைக் கொட்டிப் பேச அவருக்கு நேரம் கிடைக்கவே இல்லை. அம்புரோஸைச் சுற்றி எப்போதும் காரியமாக வந்தவர்களின் கூட்டம். கூட்டம் இல்லாத கொஞ்ச நேரத்திலும் அவர் சத்தமில்லாமல் வாசித்துக்கொண்டிருப்பார். அகஸ்டின் அறைக்குள் போய், கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, தொந்தரவு செய்ய மனமில்லாமல் எழுந்து வந்துவிடுவார். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். உலகத்தின் சிறந்த பிரசங்கியாருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தும் தனியாக இருந்தார் அந்த மனுஷன்!

அவர் கடைசியில் போய் நின்றது சிம்ப்ளிசியானுஸ் என்ற வயதான குருவானவரிடம். அம்புரோஸுக்கே தகப்பன்போல இருந்தவர் அவர். அகஸ்டின் தன் குழப்பங்களையெல்லாம் சொல்லி முடித்ததும் கிழவர் தர்க்கம் பண்ணவில்லை. ரோமாபுரியில் தனக்குத் தெரிந்த விக்டோரினுஸ் என்பவரைப் பற்றிச் சொன்னார். அவரும் சொற்பொழிவுக் கலை ஆசிரியர், சிலை வைத்துக் கொண்டாடப்பட்டவர். வேதத்தைப் படித்துவிட்டு, "நான் ஏற்கெனவே கிறிஸ்தவன்தான், தெரியுமா?" என்று சிம்ப்ளிசியானுஸிடம் தனியாகச் சொல்லுவாராம். இவர், "சபையில் உம்மைப் பார்க்கிறவரை நம்பமாட்டேன்" என்பாராம். "அப்படியானால் சுவர்கள்தான் ஒருவனைக் கிறிஸ்தவனாக்குகின்றனவா?" என்று அவர் சிரிப்பாராம். பெரிய மனிதர்களின் நட்பு போய்விடுமே என்ற பயம்தான் உள்ளே இருந்தது. இப்படியே பலமுறை நடந்த பிறகு ஒருநாள் திடீரென்று, "வாரும், சபைக்குப் போகலாம், நான் கிறிஸ்தவனாக வேண்டும்" என்றாராம். விசுவாச அறிக்கையைத் தனியாகச் செய்ய அனுமதி இருந்தும், ஜனங்கள் முன்னால் நின்றே செய்தார்.

கதையைக் கேட்டு, அதேபோலத் தானும் செய்ய வேண்டும் என்று மனம் பற்றியெரிந்ததாக அகஸ்டின் சொல்கிறார். கிழவர் அதைச் சொன்னதே அதற்குத்தான் என்றும் எழுதுகிறார். 387 உயிர்த்தெழுந்த பண்டிகையின்போது ஞானஸ்நானம் கொடுத்தது அம்புரோஸ். ஆனால் அதுவரைக்கும் கூட்டிவந்து சேர்த்ததில் இந்தக் கிழவருக்கும் பெரிய பங்கு உண்டு. எதிரில் இருப்பவனும் சொற்பொழிவுக்காரன், பெயருக்குப் பயப்படுகிறவன் என்று பார்த்து, ஆயிரம் கதையில் இந்த ஒரு கதையை எடுத்தாரே, அதை எந்தப் பீடத்திலிருந்தும் செய்ய முடியாது.

இரண்டாவது, வில்பர்ஃபோர்ஸ். 1785 டிசம்பரில் அவருக்கு இருபத்தாறு வயது, உங்கள் வயதுதான். இங்கிலாந்துப் பார்லிமென்ட் உறுப்பினர், பிரதமர் பிட்டின் நெருங்கிய நண்பர். உள்ளே பெரிய மனமாற்றம். வெளியே சொன்னால் கேலி செய்வார்களே என்ற பயம். லண்டனில் குருவானவராக இருந்த ஜான் நியூட்டனுக்கு ரகசியமாகக் கடிதம் எழுதி, சந்திக்க நேரம் கேட்டார். போன அன்று நேராகக் கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை. அந்தச் சதுக்கத்தை ஒன்றிரண்டு முறை சுற்றி நடந்த பிறகுதான் உள்ளே போனார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் வரும்.

அரசியலை விட்டுவிட்டு ஊழியத்துக்குப் போ என்று நியூட்டன் சொல்லியிருந்தால் அன்றைக்கு யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அவர் சொன்னது, நண்பர்களையும் விடாதே, இருக்கும் இடத்தையும் விடாதே என்று. நியூட்டன் ஒருகாலத்தில் அடிமை வியாபாரக் கப்பலின் கேப்டன். 1788-ல் அந்த வியாபாரத்தின் கொடூரத்தையும் தன் வெட்கத்தையும் எழுதி அச்சிட்டு வெளியிட்டார், அதற்கு எதிராகச் சாட்சியும் சொன்னார். அதை ஒழிக்கப் பார்லிமென்டுக்குள்ளே வருடக்கணக்காகப் போராடியவர் வில்பர்ஃபோர்ஸ். அடிமை வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் 1807 மார்ச்சில் நிறைவேறியது. அதே வருடம் டிசம்பரில் நியூட்டன் இறந்தார். இருபத்திரண்டு வருடத் தொடர்பு அது.

எனக்கும் ஒரு சின்ன நியூட்டன் சம்பவம் உண்டு. ஒரு கன்வென்ஷனில் கடைசி நாள் ராத்திரி அழுது, வேலையை ராஜினாமா செய்துவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போவதாகத் தீர்மானம் பண்ணி, மறுநாள் காலையிலேயே உபதேசியாரிடம் போய் நின்றேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "சரி. போறதுக்கு முன்னால ஆறு மாசம் நம்ம ஓய்வுநாள் பள்ளியில சின்னப் புள்ளைகளுக்குப் பாடம் எடு" என்றார். இரண்டாவது மாதமே ஒரு ஞாயிறு போகாமல் இருக்கக் காரணம் தேடினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் வங்கியிலேயே இருந்து ஓய்வுபெற்றேன். ஓய்வுநாள் பள்ளியில் மட்டும் முப்பத்தொரு வருடம் பாடம் எடுத்தேன்.

நம் ஊர் வரலாற்றில் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்து, 1798-ல் தஞ்சாவூரில் இறக்கும்வரை இங்கேயே இருந்தவர். கல்யாணம் செய்யவில்லை. ஆனால் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சிறுவனைத் தஞ்சாவூருக்குக் கூட்டிவந்து வளர்த்தார், அவர்தான் வேதநாயக சாஸ்திரியார். பாளையங்கோட்டைச் சபையைக் கவனிக்கச் சத்தியநாதனை அனுப்பினார், அவர் 1790-ல் குருப்பட்டம் பெற்றார். தஞ்சை இளவரசர் சரபோஜிக்கும் அவரே பாதுகாவலர். சரபோஜி கடைசிவரை இந்துவாகவே இருந்தார். அதற்காக சுவார்ட்ஸின் அன்பு குறையவில்லை. மரணப் படுக்கையில் இருக்கும் சுவார்ட்ஸின் கையை மன்னர் பிடித்துக்கொண்டு நிற்கும் பளிங்குச் சிற்பம் ஒன்று தஞ்சை சிவகங்கைப் பூங்கா பக்கத்து ஆலயத்தில் இன்றும் இருக்கிறது. சரபோஜிதான் லண்டனில் சிற்பி ஃப்ளாக்ஸ்மனிடம் சொல்லிச் செய்வித்தார். தஞ்சாவூர் போனால் பாருங்கள், பெரிய கோவிலிலிருந்து நடக்கிற தூரம்தான்.

ஆனால் இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பழைய மிஷனரிகள் ஆலயத்தில் சாதிவாரியாக உட்காருவதை அனுமதித்து வைத்திருந்தார்கள். அடுத்த தலைமுறை மிஷனரிகள் அதை ஒழிக்க வந்தபோது, எதிர்த்து வாதாடியவர்களில் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். எத்தனை அருமையான கீர்த்தனைகளை நமக்குத் தந்தவர்! குரு கண்டும் காணாமல் விட்டதைச் சீஷன் உரிமை என்று எடுத்துக்கொள்கிறான். ஒரே மனிதரை மட்டும் பார்த்து வளர்வதில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

இந்த இடத்தில் அசரியாவையும் கேட்டுவிடுங்கள். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர், 1912-ல் தோர்ணக்கல் பிஷப்பானவர், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1910-ல், எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் மேடை ஏறினார். நிறைந்திருந்தவர்கள் மேற்கத்திய மிஷனரித் தலைவர்கள். ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். கேட்டவர்களில் பலருக்கு உறைத்தது. எத்தனையோ மிஷனரிகள் இந்தியருக்குத் தகப்பனாக இருக்கத் தயார், சமமாக ஒரு பந்தியில் உட்காரத் தயாரில்லை. ஷெர்வுட் எட்டி என்ற அமெரிக்கருடன் தனக்கு இருந்த நட்பின் அனுபவத்தால் அசரியாவுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். தகப்பன்போல ஆரம்பிக்கிற எந்த வழிகாட்டியும் ஒருநாள் நண்பராக மாற வேண்டும். மாற மறுத்தால் அங்கே ஏதோ கோளாறு.

கோளாறு என்றதும், இதில் எனக்குச் சொந்த அனுபவமும் இருக்கிறது. மாற்றலாகி ஒரு பெரிய நகரத்துக்குப் போனபோது ஒரு ஐக்கியத்தில் சேர்ந்தேன். அதை நடத்தியவரை எல்லாரும் "ஆவிக்குரிய தகப்பன்" என்றார்கள். முதல் ஆறு மாதம் சொர்க்கம். பிறகு மெதுவாக ஒவ்வொன்றுக்கும் அவரிடம் கேட்க வேண்டியதாயிற்று. சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போகவே "கர்த்தர் சமாதானம் தரவில்லை" என்றார். நான் போனேன். திரும்பி வந்தபோது என்னுடன் ஒருவரும் பேசவில்லை. தனியாகச் சொன்ன பாவ அறிக்கை ஒன்று அடுத்த வாரப் பிரசங்கத்தில் பெயரில்லாமல் வந்தது. பெயர் தேவைப்படவில்லை, எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

இது புதிய வியாதி இல்லை. 1970களில் அமெரிக்காவில் ஃபோர்ட் லாடர்டேலை மையமாக வைத்து ஐந்து பிரபல ஊழியர்கள் ஆரம்பித்த மேய்ப்பர் இயக்கம், ஒவ்வொரு விசுவாசியும் ஒரு மேய்ப்பனுக்குக் கீழ்ப்பட்டு அவருடைய "மூடலுக்குள்", அதாவது பாதுகாப்புக்குள், இருக்க வேண்டும் என்று போதித்தது. வேலை, வீடு, கல்யாணம் என்று எல்லாவற்றிலும் அந்த மேய்ப்பன் சம்மதம் வேண்டும் என்கிற நிலைக்குப் பல இடங்களில் போய்விட்டது. ஐவரில் ஒருவரான டெரக் பிரின்ஸ் 1980களில் விலகினார். இன்னொருவரான பாப் மம்ஃபோர்ட் பின்னர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். "நீங்களோ ரபீ என்றழைக்கப்படாதிருங்கள்... நீங்கள் எல்லாரும் சகோதரராயிருக்கிறீர்கள்" என்று ஆண்டவர் மத்தேயு 23-ல் சொன்னதைத் தாண்டிப் போனால் இங்கேதான் வந்து விழுவோம்.

ஆகவே ஆள் தேடும்போது சிலவற்றைப் பாருங்கள். உங்கள் பணத்தில் அவருக்கு அக்கறை இருக்கலாம், பங்கு இருக்கக்கூடாது. "கர்த்தர் எனக்குச் சொன்னார், நீ இன்னாரைக் கட்டு" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். தான் தவறியதை அவர் ஒருமுறையாவது சொல்லியிருக்கிறாரா? அவருக்கு மேலே அவரைக் கேள்வி கேட்க ஆள் இருக்கிறதா? அவர் வீட்டில் மனைவி பயமில்லாமல் பேசுகிறாரா? (இதை நான் மிகவும் நம்புகிறேன். ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் தெரிந்துவிடும்.) ரொம்பப் பக்தி, கொஞ்சம் அறிவு என்கிற ஆளிடமும் எச்சரிக்கையாக இருங்கள். அரைகுறையாகப் படித்த பாவசங்கீர்த்தன குருக்களால் தன் ஆத்துமாவுக்குப் பெரிய கேடு வந்தது என்று ஸ்பெயின் நாட்டுத் துறவியான அவிலாவின் புனித தெரேசாவே குறைப்பட்டிருக்கிறார். தூக்கமில்லாமை, தீராத சோர்வு, உயிரை விட்டுவிடலாமா என்கிற நினைப்பு, இவற்றுக்கெல்லாம் ஜெபம் மட்டும் போதும் என்று சொல்கிறவர் வழிகாட்டி இல்லை. "வா தம்பி, டாக்டரிடம் நானும் வருகிறேன்" என்று கூட வருகிறவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களைப்போலக் கேட்கிற தங்கைகளுக்கும் ஒன்று: மூத்த பெண்களைத் தேடுங்கள். தீத்து இரண்டாம் அதிகாரம் சொல்வதும் அதுதான், நடைமுறைக்கும் அதுதான் பாதுகாப்பு.

ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. மெதடிஸ்ட் சபையின் வகுப்புக் கூட்டங்கள் (ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளும் சிறு குழுக்கள்) பிறந்த கதை வேடிக்கையானது. 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஆலயக் கட்டடக் கடனை அடைக்க வழி தேடினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி, பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வசூலிப்பது, கொடுக்க முடியாதவர்கள் பங்கை அவரே போட்டுவிடுவது என்று ஃபோய் என்ற ஒரு கேப்டன் யோசனை சொன்னார். வீடு வீடாக வசூலுக்குப் போனவர்கள் திரும்பி வந்து, இன்னார் குடிக்கிறார், இன்னார் வீட்டில் ஓயாத சண்டை என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பித்த ஜான் வெஸ்லிக்கு அப்போதுதான் பொறி தட்டியது, இத்தனை நாளாய்த் தேடியது இதைத்தானே என்று. காசு வசூல் ஆத்தும விசாரிப்பாக மாறியது. நீங்களும் நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து வாரம் ஒரு மணிநேரம் உண்மையாகப் பேசினால் பாதி வேலை ஆனமாதிரி. மீதிப் பாதிக்குத்தான் வயதானவர் ஒருவர் வேண்டும், ஏனென்றால் இருபத்தாறு வயதில் நாலு பேரும் ஒரே பள்ளத்தில் விழுவீர்கள்.

சரி, அந்த ரிட்டயர்டு சாருக்கு வருவோம். அதிகம் பேசமாட்டார் என்றீர்கள். நல்லது. அவரிடம் போய், "எனக்கு ஆவிக்குரிய வழிகாட்டியாக இருப்பீர்களா சார்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், பயந்துபோவார். அந்தப் பெயரே வேண்டாம். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் செருப்பைத் தேடும்போது அவர் பக்கத்தில் நில்லுங்கள். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட நடங்கள். ஆண்டவரை எப்போது அறிந்தீர்கள் என்று கேட்டால் எல்லாரும் தயாராக வைத்திருக்கும் சாட்சியைச் சொல்லிவிடுவார்கள். அதை விட்டு, "விட்டுவிடலாம் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா சார்?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வராது. வராவிட்டால் அவசரப்படுத்தாமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள். அதற்கடுத்த வாரமும் போய் நில்லுங்கள்.

இரண்டு மூன்று வாரத்தில் அவர் வீட்டில் ஏதாவது வேலை இருக்கும். ஃபேனைத் துடைக்க வேண்டும், கேஸ் சிலிண்டரை மாற்ற வேண்டும், போனில் பேரன் படம் வரவில்லை என்பார். போய்ச் செய்து கொடுங்கள். கை வேலையில் இருக்கும்போதுதான் வாய் திறக்கும், அவருக்கும் உங்களுக்கும். நாலைந்து வாரம் கழித்து அவர் உங்களிடம் ஏதோ கேட்பார். சம்பளத்தைப் பற்றியோ அம்மாவைப் பற்றியோ இருக்கலாம். அப்போது உண்மையைச் சொல்லுங்கள்.

என் உபதேசியார் இறந்து பல வருடம் ஆகிறது. அடக்கத்தன்று, அவரோடு பதினோரு வருடம் பேசாமலிருந்த அந்தத் தம்பிதான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். நான் அண்ணனோடு போயிருந்தேன். அந்தக் கட்டில் திண்ணையில் நிமிர்த்திச் சாத்தி வைக்கப்பட்டிருந்தது, கயிறு நடுவில் தளர்ந்திருந்தது. மறுவாரம் துக்கம் விசாரிக்கப் போனபோது நானும் அண்ணனும் சேர்ந்து அதை இறுக்கிவிட்டு வந்தோம்.